வான்குடையின் பிரேக்: வெல்க்ரோவா, பையா, பொத்தானா, காந்தமா?

வான்குடை விரியும்போது அது கழலவே கூடாது. கையால் இழுத்த அடுத்த நொடி அது கழன்றே ஆகவேண்டும். உள்ளங்கை அளவுள்ள துணிப் பிடி ஒன்று இந்த இரண்டு வேலையையும் எப்படிச் செய்கிறது?

தேசிய தின அணிவகுப்பில் ரெட் லயன்ஸ் வீரர்கள் வான்குடையில் இறங்கும்போது அவர்களுடைய கைகளைக் கவனித்திருக்கிறீர்களா?

இரண்டு கைகளும் தலைக்கு மேலே இருக்கும். வலப்பக்கம் திரும்ப வலக்கை இறங்கும். இடப்பக்கம் திரும்ப இடக்கை இறங்கும். தரைக்குச் சில மீட்டர் மேலே வந்ததும் இரண்டு கைகளும் ஒன்றாக இடுப்புவரை இறங்கும். வேகம் சட்டென்று குறையும். கால்கள் மெதுவாகத் தரையைத் தொடும்.

அந்தக் கைகளில் இருப்பவை இரண்டு துணிப் பிடிகள். டாகிள் என்று சொல்வார்கள். வான்குடைக்கு ஸ்டியரிங்கும் அதுதான், பிரேக்கும் அதுதான்.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. வீரர் அந்தப் பிடிகளைக் கையில் எடுப்பதற்கு முன்பே அவை ஒரு முக்கியமான வேலையைச் செய்து முடித்துவிடுகின்றன. அந்த வேலையில் தவறு நேர்ந்தால், மிச்சப் பயணம் முழுவதும் சிக்கல்தான்.

பிரேக் எங்கே இருக்கிறது?

இன்றைய விளையாட்டு வான்குடைகள் பெரும்பாலும் செவ்வக வடிவில் அல்லது இரு பக்கமும் கொஞ்சம் ஒடுங்கிய இறக்கை வடிவில் இருக்கும். முன்பக்கத் திறப்புகள் வழியாகக் காற்று உள்ளே புகுந்து, துணியை விமான இறக்கைபோல் உப்ப வைக்கும். 1960களில் டொமினா ஜால்பர்ட் உருவாக்கிய வடிவமைப்பு அது.

இறக்கையின் பின்விளிம்பிலிருந்து மெல்லிய கயிறுகள் பல கீழே வரும். வழியில் அவை ஒன்றோடொன்று சேர்ந்து, கடைசியில் பக்கத்துக்கு ஒரே கயிறாகிவிடும். அதுதான் பிரேக் கயிறு.

உங்கள் தோளிலிருந்து மேலே செல்லும் தடித்த நாடாவுக்கு ரைசர் என்று பெயர். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. பின்பக்க ரைசரில் ஓர் உலோக வளையம் தைக்கப்பட்டிருக்கும். பிரேக் கயிறு அந்த வளையத்துக்குள் நுழைந்து கீழே வந்து பிடியில் முடியும்.

பிடியை இழுத்தால் பின்விளிம்பு கீழே மடங்கும். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் வான்குடை அந்தப் பக்கம் திரும்பும். இரண்டையும் இழுத்தால் வேகம் குறையும். அவ்வளவுதான்.

விரியும்போதே ஏன் பிரேக்?

வான்குடை திறப்பதற்கு முன் வீரர் மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்துகொண்டிருப்பார்.

அந்த வேகத்தில், பிரேக் எதுவும் இல்லாமல் வான்குடை விரிந்தால் என்ன ஆகும்? துணி உப்பியதும் முன்னோக்கிப் பாயும். திறப்பு கடுமையாகவும் தாறுமாறாகவும் இருக்கலாம்.

அதனால் வான்குடையை மடிக்கும்போதே பிரேக் கயிற்றைக் கொஞ்சம் கீழே இழுத்து, அந்த நிலையில் பூட்டிவைப்பார்கள். கிட்டத்தட்ட பாதி பிரேக் போட்ட நிலை. வான்குடை விரிந்து நிலைத்த பிறகு, வீரர் பிடிகளை இழுத்துப் பூட்டை விடுவிப்பார். அப்போதுதான் வான்குடை முழு வேகத்தில் பறக்கத் தொடங்கும்.

நம் கதை அந்தப் பூட்டைப் பற்றியதுதான்.

பூனைக்கண்ணும் மூக்கும்

பூட்டு எப்படி வேலை செய்கிறது? மனத்திலேயே ஒரு படம் வரைந்து பாருங்கள்.

பிரேக் கயிற்றின் நடுவில் ஒரு சின்னக் கண்ணி இருக்கும். கயிற்றையே பிளந்து, உள்ளே செருகிச் செய்யப்பட்டது. வடிவம் காரணமாக அதற்குப் பூனைக்கண் என்று பெயர்.

கயிற்றை இழுத்து, பூனைக்கண்ணை உலோக வளையத்துக்குக் கீழே கொண்டுவருவார்கள். துணிப் பிடியின் மேல்நுனி விறைப்பாக இருக்கும். அதை மூக்கு என்று வைத்துக்கொள்வோம். அந்த மூக்கைப் பூனைக்கண்ணுக்குள் செருகுவார்கள்.

இப்போது கயிறு மேலே போக முடியாது. கதவுத் தாழ்ப்பாள் மாதிரி மூக்கு குறுக்கே நிற்கிறது.

ஆக, வான்குடை விரியும்போது வரும் இழுவையைத் தாங்குவது மூக்கும் வளையமும்தான். வெல்க்ரோவோ பொத்தானோ காந்தமோ அந்தச் சுமையைத் தாங்குவதில்லை. அவற்றின் வேலை வேறு. மூக்கு பூனைக்கண்ணை விட்டு நழுவாமல் பிடியை ரைசரோடு ஒட்டி வைப்பது. வேலை சின்னதுதான். ஆனால் காற்று அடிக்கும், ரைசர்கள் உதறும், மேலிருந்து ஸ்லைடர் என்ற துணி வேகமாக இறங்கி வந்து இடிக்கும். அத்தனைக்கும் நடுவில் பிடி அசையாமல் இருக்கவேண்டும்.

இரண்டு விதமான தவறு

இந்தப் பூட்டு இரண்டு விதமாக ஏமாற்றலாம்.

முதலாவது, சீக்கிரம் கழன்றுவிடுவது. வான்குடை விரியும்போது இடப்பக்கப் பிடி தானாகவே கழன்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் பிரேக் இல்லை. வலப்பக்கம் பாதி பிரேக். வான்குடை உடனே வலப்பக்கமாகச் சுழலத் தொடங்கும். பெரிய, நிதானமான வான்குடை என்றால் மெதுவாகத் திரும்பும். நல்ல அனுபவசாலிகள் பயன்படுத்தும் சின்ன, வேகமான வான்குடை என்றால் சுழற்சி பயங்கரமாக இருக்கும். கயிறுகள் முறுக்கிக்கொள்ளவும் கூடும்.

தீர்வு? இன்னொரு பக்கப் பிடியையும் உடனே விடுவிக்கவேண்டும். இரண்டு பக்கமும் சமமானால் வான்குடை நேராகிவிடும். கேட்கிறதுக்கு ரொம்ப ஈஸி. சுத்திக்கிட்டே செய்றதுதான் கஷ்டம்.

இரண்டாவது, கழலவே கழலாதது. இழுத்துப் பார்த்தாலும் பிடி வரமாட்டேன் என்கிறது. மிச்சக் கயிறு பிடியைச் சுற்றிக்கொண்டிருக்கலாம். மூக்கு எங்கேயாவது மாட்டிக்கொண்டிருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் பாதி பிரேக்கில் சிக்கியபடி பாதுகாப்பாகத் தரையிறங்குவது கடினம்.

இரண்டு நிலைமையிலும் வீரரிடம் அதிக நேரம் இல்லை. அமெரிக்க வான்குடைச் சங்கத்தின் பரிந்துரைப்படி, மாணவர்களும் முதல்நிலை உரிமம் வைத்திருப்பவர்களும் 2,500 அடி உயரத்துக்குள், அதாவது சுமார் 760 மீட்டருக்குள், முடிவெடுத்துவிட வேண்டும். அனுபவசாலிகளுக்கு 1,800 அடி. அந்த உயரத்திலும் வான்குடை கட்டுப்பாட்டுக்குள் வரவில்லை என்றால் முதன்மை வான்குடையைக் கழற்றிவிட்டு, அவசர வான்குடையைத் திறக்கவேண்டும்.

இந்த இரண்டு தவறுகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை. பிடியை இறுக்கமாக வைத்தால் முதல் தவறு குறையும், இரண்டாவது கூடும். தளர்வாக வைத்தால் நேர்மாறு. எந்த வகைப் பூட்டும் இந்தப் பிரச்சினையை முழுசாக ஒழிப்பதில்லை. ஆபத்தை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ கொஞ்சம் நகர்த்துகிறது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு நான்கு முறைகளையும் பார்ப்போம்.

1. வெல்க்ரோ

பள்ளிப் பையிலும் சின்னப் பிள்ளைகளின் காலணியிலும் இருக்கும் அதே 'சர்ர்ர்' நாடாதான். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல், தன் நாயின் உரோமத்தில் ஒட்டிக்கொண்ட முள்விதைகளைப் பார்த்து உருவாக்கியது. 1955இல் காப்புரிமை பெற்றார்.

வான்குடைப் பிடிகளில் நெடுங்காலம் இதுதான் ராஜா. பயன்படுத்த எளிது. கொஞ்சம் முன்னே பின்னே வைத்தாலும் ஒட்டிக்கொள்ளும். நேராகக் கீழே இழுத்தால் உறுதியாக நிற்கும். உரித்து எடுத்தால் சுலபமாக வந்துவிடும்.

பிறகு ஏன் பல தயாரிப்பாளர்கள் அதை விட்டு விலகினார்கள்?

காரணம் கயிறு. முன்பு டேக்ரான் எனும் தடித்த கயிறு பரவலாக இருந்தது. பிறகு ஸ்பெக்ட்ரா, வெக்ட்ரான் போன்ற மெல்லிய கயிறுகள் வந்தன. எடை குறைவு, காற்றுத் தடை குறைவு. ஆனால் வெல்க்ரோவின் கொக்கிப் பக்கம் அந்த மெல்லிய இழைகளைப் பிடித்துப் பிய்த்துவிடும். பிரேக் கயிற்றின் கீழ்ப்பகுதி, குதிக்கும் ஒவ்வொரு முறையும் வெல்க்ரோவுக்குப் பக்கத்திலேயே உராய்கிறது. பஞ்சு பஞ்சாகக் கிளம்பும் கயிறு ஒரு நாள் அறுந்தே போகலாம்.

இன்னொரு பிரச்சினை தேய்மானம். உங்கள் பழைய பையின் வெல்க்ரோ எப்படி ஆனது என்று யோசிச்சுப் பாருங்க. தூசி, நூல், புல் எல்லாம் சேர்ந்து பிடிமானம் போய்விடும். அது ஒரே நாளில் நடப்பதில்லை. ஒவ்வொரு முறையும் துளித்துளியாகக் குறையும். தினமும் பயன்படுத்துபவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அதுதான் ஆபத்து.

2. துணிப் பை

இன்று விளையாட்டு வான்குடைகளில் பரவலாக இருப்பது இது. ரைசரில் சின்னத் துணிப் பைகள் தைக்கப்பட்டிருக்கும். பிடியின் மேல்மூக்கு பூனைக்கண்ணைக் கடந்து ஒரு பைக்குள் போகும். கீழ்நுனி இன்னொரு பைக்குள் போகும். சட்டைப் பையில் பேனா செருகுவது மாதிரி.

கொக்கி இல்லை. அதனால் கயிறு பிய்வதில்லை. மூக்கு பைக்குள் உட்கார்ந்திருப்பதால் ஸ்லைடர் வந்து இடித்தாலும் எளிதில் வெளியே வராது.

குறை என்ன? பையின் அளவுதான் எல்லாமே. புதிதாக இருக்கும்போது இறுக்கம் அதிகமாக இருக்கலாம். தடித்த கையுறை போட்டவர்களுக்குச் செருகுவதும் இழுப்பதும் சிரமம். நூற்றுக்கணக்கான முறை குதித்த பிறகு பை தளர்ந்துவிடும், மூக்கின் விறைப்பும் குறையும். அப்போது பிடி தானாகக் கழலும் வாய்ப்பு கூடும்.

மூக்கைப் பாதி மட்டும் செருகிவிட்டு, முழுதாகச் செருகியதாக நினைத்துக்கொள்வதும் நடக்கும். வெல்க்ரோவில் ஒட்டவில்லை என்றால் கண்ணுக்குத் தெரியும். பைக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பது தெரியாது. விரலால் தடவித்தான் பார்க்கவேண்டும்.

3. அழுத்துப் பொத்தான்

குழந்தைச் சட்டையில் 'டக்' என்று மாட்டும் உலோகப் பொத்தான். சரியாக மாட்டினால் ஒரு சத்தம் கேட்கும், விரலுக்கும் தெரியும். மாட்டியிருக்கிறதா இல்லையா என்ற சந்தேகமே வராது. அது பெரிய நன்மை.

அதன் இயல்பு ஒன்றைக் கவனியுங்கள். பக்கவாட்டில் இழுத்தால் பொத்தான் விடாது. மேல்நோக்கி உரித்தால் உடனே விடும். ஆகவே வீரர் எந்தத் திசையில் இழுப்பார் என்பதை யோசித்துத்தான் பொத்தானைத் தைக்கவேண்டும்.

ஈரமும் கடல் உப்பும் அதற்கு எதிரிகள். உலோகம் துருப்பிடித்தால் பொத்தான் விறைத்துக்கொள்ளும். பலமுறை மாட்டிக் கழற்றினால் தளர்ந்துவிடும். ஒரே பொத்தான் ஒரு நாள் இறுக்கமாகவும் இன்னொரு நாள் தளர்வாகவும் இருந்தால் வீரரின் கை எதை நம்பும்?

4. காந்தம்

கைப்பேசி உறை, கைப்பை மூடி எல்லாவற்றிலும் காந்தம் வந்துவிட்டது. வான்குடை உலகிலும் அப்படித்தான். ரைசர்களை மூடும் துணி மடிப்புகளில் காந்தம் பரவலாகிவிட்டது. சில பிடிகளிலும் உண்டு.

அருகில் கொண்டுபோனாலே தானாக ஒட்டிக்கொள்ளும். கொக்கிபோல் தேயாது. கயிற்றைப் பிய்க்காது.

ஆனால் காந்தத்தின் வலிமை இடைவெளியைப் பொறுத்தது. நடுவில் துணி மடிந்திருந்தாலோ மண் புகுந்திருந்தாலோ சட்டென்று வலுவிழக்கும். பக்கவாட்டில் தள்ளினால் வழுக்கிவிடும். ஒருமுறை கொஞ்சம் விலகினால் பிறகு பிடிமானமே இல்லை. ஆகவே பிடியின் கீழ்நுனியை ரைசரோடு ஒட்டி வைக்கக் காந்தம் பொருந்தும். மூக்கைக் காப்பதற்கு அதை மட்டும் நம்புவது சரியாக இருக்காது. அதற்குப் பை தேவை.

பாராகிளைடரில் காந்தம் போதுமே?

நல்ல கேள்வி. மலைச்சரிவிலிருந்து ஓடிப் பறக்கும் பாராகிளைடரிலும் இதே மாதிரி பிரேக் பிடிகள் உண்டு. அங்கே காந்தமும் அழுத்துப் பொத்தானும் சர்வ சாதாரணம்.

வித்தியாசம் எங்கே? பாராகிளைடர் தரையிலேயே விரிக்கப்படுகிறது. 200 கிலோமீட்டர் வேகத்தில் திறக்கும் அதிர்ச்சி அங்கே இல்லை. பாதி பிரேக் போட்டுப் பூட்டும் தேவையும் இல்லை. பயன்படுத்தாத நேரத்தில் பிடி தொங்கி ஆடாமல் இருந்தால் போதும்.

கட்டடங்களிலிருந்து குதிக்கும் பேஸ் ஜம்பிங்கில் தேவை வேறு மாதிரி. கோலாலம்பூர் கோபுரத்தில் நடந்திருக்கும் குதிப்பு நிகழ்ச்சிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கோபுரத்தின் உயரம் 421 மீட்டர். குதிப்பதோ சுமார் 300 மீட்டரிலிருந்து. காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், அந்த உயரத்திலிருந்து தரைக்கு வர ஏறத்தாழ 8 நொடிதான்.

அவ்வளவு தாழ்வாகத் திறக்கும்போது பிரேக் கயிறு வான்குடையின் மேல்பக்கமாக விழுந்து சிக்கிக்கொண்டால், அதைச் சரிசெய்ய உயரம் இருக்காது. அதனால் சில பேஸ் வான்குடைகளில் பிரேக் கயிறு உலோக வளையத்துக்குள் போகாது. தேவைப்பட்டால் கயிற்றை முழுவதுமாகப் பிடியிலிருந்து விட்டுவிடலாம். பிறகு பின்பக்க ரைசரை இழுத்தே திருப்பித் தரையிறங்குவார்கள்.

பிடி ஒன்றுதான். மூன்று விளையாட்டு, மூன்று விதமான பூட்டு.

மறந்துபோகும் மிச்சக் கயிறு

பிரேக்கைப் பூட்டும்போது பூனைக்கண்ணுக்கும் பிடிக்கும் நடுவில் கொஞ்சம் கயிறு மிஞ்சும். அது சும்மா தொங்கினால் என்ன ஆகும்?

காற்றில் ஆடி, பிடியைச் சுற்றிச் சுருக்குப் போடலாம். ரைசரில் உள்ள எதிலாவது மாட்டலாம். வீரர் பிடியை இழுக்கும்போது சுருக்கு இறுகி, இரண்டாவது தவறில் கொண்டுபோய்விடும்.

அதனால் மிச்சக் கயிற்றை மடித்து ஓர் எலாஸ்டிக் வளையத்திலோ ரைசரில் உள்ள துணி உறையிலோ செருகி வைப்பார்கள். எலாஸ்டிக்கும் காலப்போக்கில் தளரும். விலை மிகக் குறைவு, மாற்றுவதும் எளிது. ஆனாலும் பலரும் தள்ளிப்போடுவது அதைத்தான்.

கயிற்றைப் பிடியோடு சேர்க்கும் முடிச்சும் முக்கியம். சாதாரண முடிச்சு போட்டால் நீளத்தைச் சுலபமாக மாற்றலாம், ஆனால் நழுவ வாய்ப்புண்டு. கயிற்றிலேயே ஒரு கண்ணி செய்து பிடியில் கோத்தால் உறுதியாக இருக்கும், ஆனால் நீளத்தை மாற்றுவது சிரமம். எப்படிச் செய்தாலும் இரண்டு பக்கமும் ஒரே நீளம் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் வான்குடை ஒரு பக்கமாகவே இழுக்கும்.

ஸ்பெக்ட்ரா கயிறு என்றால் இன்னொரு வேலையும் சேரும். ஸ்லைடர் உரசும் சூட்டில் அந்தக் கயிறு சுருங்கும். பிரேக் கயிறுகள் அதிகமாகவே சுருங்கும். பிடியை முழுசாக மேலே விட்டாலும் பின்விளிம்பு கொஞ்சம் கீழே இழுக்கப்பட்டே இருக்கும். கயிறுகளை அவ்வப்போது அளந்து பார்த்து, தேவையானால் மாற்றவேண்டும்.

அப்போ எது பெஸ்ட்?

சுருக்கமாகச் சொன்னால்:

வெல்க்ரோ: பயன்படுத்த எளிது. தேய்வதும் கயிற்றைத் தேய்ப்பதும் குறை.

துணிப் பை: கயிற்றுக்குப் பாதுகாப்பு, அதிர்ச்சியிலும் பிடித்துக்கொள்ளும். பையின் இறுக்கத்தைக் கவனிக்கவேண்டும்.

அழுத்துப் பொத்தான்: மாட்டியது நிச்சயமாகத் தெரியும். துருவும் தளர்வும் எதிரி.

காந்தம்: தேயாது, தானாக ஒட்டும். இடைவெளி வந்தால் வலுவிழக்கும்.

மெல்லிய கயிறுள்ள இன்றைய வான்குடைக்கு, அளவு சரியாகத் தைக்கப்பட்ட துணிப் பை முன்னணியில் நிற்கிறது. ஆனால் தளர்ந்துபோன பையைவிட, நல்ல நிலையில் இருக்கும் வெல்க்ரோ மேல். எந்தப் பூட்டு என்பதைவிட அது எந்த நிலையில் இருக்கிறது என்பதே முக்கியம்.

பூட்டு எப்படிப்பட்டதாக இருந்தாலும் வான்குடை விரிந்ததும் செய்யவேண்டிய சோதனை ஒன்றுதான். பிடிகளை விடுவித்து, வலப்பக்கம் ஒரு திருப்பம், இடப்பக்கம் ஒரு திருப்பம், பிறகு இரண்டையும் முழுசாக இழுத்து வேகம் குறைகிறதா என்று பார்ப்பது. மூன்றும் சரியாக நடந்தால் தரையிறங்கலாம். நடக்காவிட்டால், போதிய உயரம் இருக்கும்போதே முடிவெடுக்கவேண்டும்.

விடுமுறையில் வெளிநாட்டுக்குப் போய், பயிற்றுநரோடு சேர்ந்து குதிக்க நினைக்கிறீர்களா? குதிப்பதற்கு முன் அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தப் பிரேக் பிடியைக் கொஞ்சம் காட்ட முடியுமா?"

தங்கள் கருவியை நன்றாகக் கவனித்துக்கொள்பவர்கள் அந்தக் கேள்வியை விரும்புவார்கள். மூக்கு, பை, பூனைக்கண், மிச்சக் கயிறு எல்லாவற்றையும் காட்டுவார்கள். மேலே வான்குடை விரிந்த பிறகு, முதலில் வலம், பிறகு இடம், கடைசியில் இரண்டும் என்று அவர் ஏன் இழுத்துப் பார்க்கிறார் என்பதும் அப்போது உங்களுக்குப் புரியும்.